சமையல் கத்திக்கு வால்நட் மரப்பிடி: துப்பாக்கி மரவேலைக்காரர்களின் முறையில்

ஆஸ்திரியாவின் ஸ்டெயர் நகரில் தயாரான மான்லிகர்-ஷோனவர் வேட்டைத் துப்பாக்கியின் 1903ஆம் ஆண்டு மாடலில் மரம் குழாயின் நுனிவரை ஓடும். பெரும்பாலான வேட்டைத் துப்பாக்கிகளில் அது பாதிக் குழாயோடு நின்றுவிடும். நுனிவரை மரம் வைத்தால் பார்க்க அழகு, செய்கிறவருக்குத்தான் சிரமம். ஈரத்தில் மரம் உப்பிக் குழாயைத் தள்ளினால் குறி மாறிப்போகும். அதனால் அந்தக் கைவினைஞர்கள் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். இரும்பு உட்காரும் பள்ளம் துல்லியமாகப் பொருந்த வேண்டும். மரத்தின் வெளிப்பக்கத்தைப் போலவே உள்பள்ளத்துக்கும் ஈரம் ஏறாமல் பூச்சு வேண்டும்.

சிங்கப்பூரில் வீட்டில் துப்பாக்கி செய்வது கடுமையான குற்றம், அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இந்த இரண்டு வித்தைகளும் பிடி உடைந்த ஒரு நல்ல சமையல் கத்தியை இன்னும் பல வருடம் வாழவைக்கும். விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டுகிற நம் ஊரில் கத்திப்பிடி வெடிப்பதற்கும், உள்ளே இரும்பு துருப்பிடிப்பதற்கும் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் இருக்கும்.

மரமும் கருவியும்

கரு வால்நட் மரத்தில் 130 மி.மீ. நீளம், 35 மி.மீ. அகலம், 12 மி.மீ. கனத்தில் இரண்டு துண்டுகள் போதும். மர இழை நீளவாக்கில் ஓட வேண்டும். ஈரத்தில் மரம் உப்புவது குறுக்கேதான், நீளத்தில் மாற்றம் இருக்காது என்றே சொல்லலாம். சுங்கை காடுட் பக்கம் மரக்கடைகளில் துண்டு மரம் கேட்டுப் பாருங்கள். வாங்கிய கையோடு அறுக்க வேண்டாம். கத்தி இருக்கப்போகும் சமையலறையிலேயே இரண்டு மூன்று வாரம் காற்றுப்பட வையுங்கள். ஏர்கான் அறையில் வைத்தால் மரத்தின் ஈரம் 10 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும், திறந்த சமையலறையில் 15, 16 வரை ஏறும். அந்த வித்தியாசம் முழுவதும் பிற்பாடு பசை இணைப்பின் மேல் வந்து விழும்.

கருவி விஷயத்தில் என் கருத்து உறுதியானது: சுழலும் மின்கருவி வாங்காதீர்கள். ஒரு விநாடியில் ஒரு மி.மீ. கூடுதலாகத் தின்றுவிடும், சத்தத்துக்கு வீவக அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரரும் கதவைத் தட்டுவார். 6 மி.மீ. உளி ஒன்று, அதைத் தீட்ட 1000ஆம் எண் சாணைக்கல், அரைவட்ட முரட்டு அரம், இழுத்து அறுக்கும் ஜப்பானிய ரம்பம். இவ்வளவுதான். பழைய உளிகள் கிடைத்துவந்த சுங்கை ரோடு சந்தை 2017இல் மூடப்பட்டது பெரிய இழப்பு. இப்போது நான் ஜாலான் புசார் வட்டாரத்து இரும்புச்சாமான் கடைகளுக்குத்தான் போகிறேன்.

பழைய பிடியைக் கழற்றி, பிடிக்குள் போகும் இரும்பு வாலைத் துரு போகத் தேயுங்கள். கத்தியின் அலகை அட்டையில் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். வேலை முடியும்வரை அதைப் பிரிக்கக் கூடாது.

பள்ளம் எடுத்தல்

எல்லோரும் தடுமாறும் இடம் இது, மெதுவாகப் போவோம். வாலின் முழுக் கனத்துக்கும் ஒரே துண்டில் பள்ளம் எடுத்து, மற்றத் துண்டை மேலே மூடியாக ஒட்டப்போகிறோம். இரண்டிலும் பாதிப்பாதி எடுத்தால் இரண்டையும் சரிபார்க்க வேண்டிவரும்.

வாலை மரத்தின் மேல் வைத்துப் பென்சிலால் வரையாதீர்கள், கோடு தடித்துவிடும். கூரான சின்னக் கத்தியால் கீறுங்கள். அந்தக் கீறலுக்கு அரை மி.மீ. உள்ளேயே நின்று உளியால் பள்ளம் எடுங்கள். ஆழமும் கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும்.

அப்புறம்தான் மை வேலை. நல்லெண்ணெய் விளக்கேற்றி, சுடருக்கு மேலே ஒரு பழைய பீங்கான் தட்டைக் கவிழ்த்துப் பிடித்தால் கரி படியும். பாட்டிமார் கண்மைக்குச் சேர்த்தது போலத்தான். அந்தக் கரியில் துளி வாஸ்லின் குழைத்து இரும்பு வாலில் தடவுங்கள். தடவியதும் துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள், இரும்பு சாம்பல் நிறமாகத் தெரிகிற அளவு பூச்சு போதும். தடிமனாக இருந்தால் தொடாத இடத்திலும் மை ஒட்டிப் பொய் சொல்லும்.

வாலைப் பள்ளத்தின் மேல் நேராக வைத்து மரச்சுத்தியால் லேசாக ஒரு தட்டு. எடுக்கும்போதும் நேராக மேலே தூக்க வேண்டும், ஆட்டி எடுத்தால் ஓரங்கள் நசுங்கும். இப்போது பள்ளத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். வால்நட் கருநிறம் என்பதால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள், மை பளபளக்கும். கறுத்த இடம்தான் இரும்பைத் தடுக்கிறது. அதை மட்டும் மெல்லிய சீவலாக எடுங்கள், கறுக்காத இடத்தில் உளி படவே கூடாது. மறுபடி மை, மறுபடி தட்டு, மறுபடி சீவல்.

பக்கச் சுவர்களில் மை இழுபட்டுத் தேய்ந்திருந்தால் இரும்பு உரசிக்கொண்டு இறங்குகிறது என்று பொருள், அது நல்லது. அழுத்தமாகத் திட்டாக இருந்தால் அங்கே முட்டுகிறது, சீவ வேண்டும். முதலில் இரண்டு மூன்று புள்ளிகள்தான் விழும். வேலை போகப்போக அவை பெருகும். தரை முழுவதும் ஒரே சீராகக் கறுத்து, மேலே வைத்த இரும்பு ஸ்கேல் ஆடாமல் மரத்தையும் வாலையும் ஒன்றாகத் தொட்டால் பள்ளம் முடிந்தது. ஒரு மாலைப்பொழுது முழுக்க ஆகலாம். அவசரமாக உளியைக் குத்திய இடம் பிறகு எபாக்சி பசை நிரம்பிய குழியாகத்தான் நிற்கும்.

ஒட்டுதல்

மையை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்து, வாலை 120 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். ஐந்து நிமிட எபாக்சி வேண்டாம், 24 மணி நேரம் எடுக்கும் வகைதான் சரி. பள்ளத்தின் தரை, சுவர், அலகுப் பக்கத்து வாய் எல்லா இடத்திலும் பூசுங்கள். உள்பள்ளத்துக்கு ஈரக்காப்பு இதுவே. வாலைப் பள்ளத்தில் வைத்து, மற்றத் துண்டால் மூடி, கிளாம்பை மிதமாக இறுக்கி, வெளியே பிதுங்கும் பசையை இறுகும் முன்பே ஆல்கஹால் துணியால் துடைத்துவிடுங்கள்.

வடிவத்துக்கு அளவு சொல்லமாட்டேன். அரத்தால் தேய்த்துத் தேய்த்து, வெங்காயம் நறுக்குவதுபோல் பிடித்துப் பார்த்து, கைக்கு உறுத்தும் இடத்தைக் குறையுங்கள். பிறகு 120, 180, 240, 320 என உப்புத்தாள். 320க்குப் பிறகு ஈரத்துணியால் மரத்தைத் துடைத்துக் காயவிட்டால் நார்கள் எழுந்து நிற்கும். அவற்றை மறுபடி தேய்த்து எடுங்கள்.

எண்ணெய்

துப்பாக்கி மரத்துக்குப் பலரும் பூசுவது பாயில்டு ஆளிவிதை எண்ணெய். அதில் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் சேர்ப்பார்கள். உணவு தொடும் கையில் இருக்கும் பிடிக்கு எதுவும் கலக்காத டங் எண்ணெயையே (டங் மரக்கொட்டையில் எடுப்பது) நான் வாங்குவேன். காயத் தாமதமாகும், ஆனால் தண்ணீரை ஆளிவிதை எண்ணெயைவிட நன்றாகத் தாங்கும்.

முதல் பூச்சோடு 400 எண் தாளால் ஈரமாகத் தேயுங்கள். மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்த குழம்பு நுண்துளைகளை அடைக்கும். காய்ந்த பிறகு மேல்பூச்சுகள்: விரல்நுனி அளவு எண்ணெய், உள்ளங்கையால் தேய்த்து, 15 நிமிடம் கழித்து மிச்சத்தைத் துணியால் முழுக்கத் துடைப்பது. மழைநாளில் ஒரு பூச்சு காய இரண்டு மூன்று நாள்கூட ஆகும். மின்விசிறியை அருகில் ஓடவிடுங்கள், எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துத்தான் இறுகுகிறது.

அப்படி இறுகும்போது சூடு வரும். அதனால் எண்ணெய்த் துணியைக் கசக்கிப் போட்டால் தானாகத் தீப்பிடிக்கும். குப்பைக் குழாயில் போடவே போடாதீர்கள். தண்ணீரில் ஊறவைத்து, மூடியுள்ள தகரடப்பாவில் வையுங்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் அதிகம் கேட்டது, பிடி ஒரு வாரமாகியும் பிசுபிசுக்கிறதே என்பதுதான். பூச்சு தடித்துவிட்டது என்று அர்த்தம். அதன்மேல் இன்னொரு பூச்சு போட்டால் இன்னும் மோசமாகும். டர்பன்டைன் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்து, நன்கு காயவிட்டு, 400 தாளால் லேசாகத் தேய்த்து மறுபடி மெல்லிசாகப் பூசுங்கள். தேக்கு மரம் போதாதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். தேக்கு ஈரத்தைத் தாங்கும், ஆனால் அதன் இயற்கை எண்ணெயால் பசை சரியாக ஒட்டாது. ஒட்டுவதற்குச் சற்று முன்பு அசிட்டோனால் துடைத்துக்கொண்டால் அதுவும் வேலை செய்யும்.