ரிமோட் டெஸ்க்டாப் ஆப் எழுதுறீங்களா? ஸ்லீப்பைத் தடுக்குறதுல இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

ஒருத்தர் வீட்ல உக்காந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியா ஆபீஸ் மெஷின்ல பெரிய பில்டு (கோட ப்ரோக்ராமா மாத்துற வேல) ஒண்ணு ஓடுறத சும்மா பாத்துட்டு இருக்கார், மவுஸத் தொடல, கொஞ்ச நேரத்துல அங்க இருக்கிற மெஷின் தூங்கிடுது, கனெக்ஷன் போச்சு, பக்கத்துல போய் எழுப்பவும் ஆள் இல்ல. ரிமோட் ஆப்புக்கு இதவிட மோசமான பக் ரொம்ப கம்மி.

இதுக்கு நிறைய பேர் நிமிஷத்துக்கு ஒருதடவ மவுஸ ஒரு பிக்ஸல் நகத்தி விடுறாங்க. தயவுசெஞ்சு வேணாம். ஸ்லீப்போட சேத்து ஸ்க்ரீன் லாக்கும் வராம போயிடும், யாருமே இல்லாத ரூம்ல மெஷின் திறந்தே கிடக்கும்.

விண்டோஸ்ல இதுக்குன்னே செட்த்ரெட்எக்ஸிக்யூஷன்ஸ்டேட்னு (SetThreadExecutionState) ஒரு ஃபங்ஷன் இருக்கு, ஆனா கவனமா கூப்பிடணும். கன்டின்யுவஸ் ஃப்ளாக் (ES_CONTINUOUS) சேக்கலன்னா, யாரும் தொடாம எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எண்ணுற ஐடில் டைமர் ஒருதடவ ரீசெட் ஆகும், அவ்வளவுதான். அதவிட பெரிய சிக்கல், இது கூப்பிட்ட த்ரெட்டோட (ப்ரோக்ராமுக்குள்ள தனியா ஓடுற ஒரு வேல வரிசை) ஒட்டினது, வேலைகள் த்ரெட் மாறி மாறி ஓடுற அசிங்க் கோட்ல ஏதோ ஒரு த்ரெட்ல ஆன் பண்ணிட்டு வேற த்ரெட்ல ஆஃப் பண்ணீங்கன்னா பழசு அப்படியே நிக்கும், இல்லன்னா அந்த த்ரெட் முடிஞ்சதும் நடுவுலயே ஸ்லீப் தடை போயிடும், டெஸ்ட்ல எல்லாம் ஒழுங்கா ஓடுற மாதிரியே இருக்கும். விண்டோஸ் 7ல வந்த பவர்க்ரியேட்ரிக்வெஸ்ட் (PowerCreateRequest) ஃபங்ஷன் இதுக்கு எவ்வளவோ மேல், அந்தத் தடையோட ஹேண்டில் (பிடி மாதிரி) உங்க கைல இருக்கும், காரணத்தையும் எழுதி வைக்கலாம்.

ஹோஸ்ட்ல, அதாவது தூரத்துல இருக்கிற மெஷின்ல, ஸ்க்ரீன அணையாம வைக்கிற டிஸ்ப்ளே ஃப்ளாக்க பழக்கத்துல சேக்காதீங்க, அந்த மானிட்டர் ராத்திரி பூரா எரிஞ்சு யாருக்கு என்ன லாபம்? பாக்குறவர் பக்கம் இருக்கிற மெஷினுக்குத்தான் அது வேணும்.

ஆப் ஸ்டார்ட் ஆனதுமே தடை போடுறதும் தப்பு. செஷன், அதாவது ஒருத்தர் கனெக்ட் ஆகி இருக்கிற நேரம், இருக்கிற வரைக்கும் மட்டும் வைங்க. ரெண்டு பேர் உள்ள இருந்தா எண்ணிக்கை வச்சுக்கிட்டு கடைசி ஆள் போனதும் எடுங்க, நெட் அறுந்து சொல்லாம போறவங்களுக்கு ஹார்ட்பீட் டைம்அவுட் (அப்பப்போ வர்ற 'இருக்கேன்' சிக்னல் நின்னா ஆள் போயிட்டார்னு எடுத்துக்கிறது) கட்டாயம். லினக்ஸ்ல, லாகின், ஸ்லீப்பெல்லாம் பாத்துக்கிற லாஜின்டி (logind), தடை கேட்டா தர்ற ஃபைல் டிஸ்க்ரிப்டர (திறந்த ஃபைலுக்கான எண்) க்ளோஸ் பண்ணாலே தடை விலகிடும், அழகான டிசைன் அது.

தூங்குற மெஷின வேக் ஆன் லேன்ல (நெட்வொர்க் சிக்னல் அனுப்பி) எழுப்புறவங்க இதயும் பாருங்க: அப்படி எழுந்த விண்டோஸ் மெஷின், யாரும் தொடலன்னா வழக்கமா 2 நிமிஷத்துல திரும்பத் தூங்கிடும், பவர் செட்டிங்ஸ்ல நீங்க வச்சிருக்கிற நேரம் அங்க செல்லாது. அதனால லாகின் முடியட்டும்னு காத்திருக்காம, கனெக்ஷன் வந்த உடனே தடையப் போட்டுடுங்க.

விண்டோஸ்ல லேப்டாப் மூடிய மூடினாலோ யாராவது ஸ்லீப் அமுக்கினாலோ இந்தத் தடை எதுவும் நிக்காது, அத யூசர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. ரிலீஸுக்கு முன்னாடி அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல பவர்சிஎஃப்ஜி ரிக்வெஸ்ட்ஸ் (powercfg /requests, இப்ப யார் தடை போட்டிருக்காங்கன்னு காட்டும்) அடிச்சுப் பாருங்க, செஷன் ஓடும்போது உங்க ஆப் பேரு லிஸ்ட்ல இருக்கணும், முடிஞ்சப்புறம் இருக்கக்கூடாது.