கேம் நதியில் படகேறும் முன்

கேம்பிரிட்ஜின் சில்வர் தெருப் பக்கம் போனாலே, கையில் அட்டையோடு யாராவது வழிமறித்து, படகுச் சவாரி வேண்டுமா என்று கேட்பார்கள். சவாரி நன்றாகத்தான் இருக்கும். கூடவே வரும் கதைகளைத்தான் அப்படியே விழுங்கக் கூடாது.

முதல் கதை குவீன்ஸ் கல்லூரியின் மரப்பாலத்தடியிலேயே ஆரம்பித்துவிடும். ‘கணிதப் பாலம்’ என்பார்கள். நியூட்டன் ஆணியே இல்லாமல் கட்டினாராம்; சூட்சுமம் பார்க்க மாணவர்கள் பிரித்துப் போட்டார்களாம்; திரும்பச் சேர்க்கத் தெரியாமல் போல்ட் மாட்டினார்களாம். பாலம் எழுந்தது 1749இல். நியூட்டன் இறந்ததோ 1727இல்! வரைந்தவர் வில்லியம் எதரிட்ஜ், கட்டியவர் ஜேம்ஸ் எசெக்ஸ். முதல் பாலத்திலும் இரும்பு இருந்தது. உள்ளே நடப்பவர் கண்ணில் படாதபடி வெளிப்பக்கமாக அடித்திருந்தார்கள். இப்போது நிற்பது 1905இல் அதே வடிவில் தேக்கு மரத்தில் திரும்பக் கட்டியது. கதையை விட்டுவிட்டுப் பாலத்தின் மரச் சட்டங்களைப் பாருங்கள். ஒன்றுகூட வளைந்ததில்லை. எல்லாம் நேர்ச் சட்டங்கள். அவற்றைச் சாய்த்துக் கோத்த விதத்திலேயே வளைவு வந்துவிடுகிறது. எனக்கு இதுதான் அதிசயம்.

பெயரிலும் ஒரு குழப்பம். கேம் நதியால் ஊருக்குப் பெயர் வரவில்லை. ஊர்ப் பெயர் திரிந்து கேம்பிரிட்ஜ் ஆனபின் நதிக்குக் கேம் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. பழைய பெயர் கிராண்டா.

நாமே ஓட்டுவது என்று முடிவெடுத்தால், ஆற்றின் எந்தப் பகுதி என்று கேட்காமல் காசு கட்டாதீர்கள். மில் பாண்ட் அருகே ஒரு தடுப்பணை இருக்கிறது. அதற்குக் கீழே படகெடுத்தால் கல்லூரிகளின் பின்புறம், ‘பேக்ஸ்’. மேலே எடுத்தால் கிராண்ட்செஸ்டர் புல்வெளிகள், அதுவும் போகும்போது எதிரோட்டம். கிங்ஸ் கல்லூரித் தேவாலயம் பார்க்க வந்தவர் இங்கே ஏறினால் மாடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அடுத்தது கழி. இந்தப் படகை ஆற்றடியில் நீளக் கழியை ஊன்றித்தான் தள்ள வேண்டும். சேற்றில் மாட்டிக்கொண்டால் கழி நின்றுவிடும், படகு போய்க்கொண்டே இருக்கும், நடுவில் நீங்கள் தொங்குவீர்கள். விட்டுவிடுங்கள், படகில் கிடக்கும் சிறு துடுப்பால் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம். முதல் தடவை நான் விடவில்லை. அன்று முழுக்க ஈர ஜீன்ஸோடு அலைந்தேன். பேக்ஸ் பகுதியில் நடு ஆற்றோடு போனால் கழிக்குப் பிடி கிடைக்கும். முன்பு சரக்குப் படகு இழுத்த குதிரைகளுக்குக் கல்லூரிகள் கரையில் இடம் தரவில்லை. அதனால் ஆற்றுக்குள்ளேயே சரளைப் பாதை போட்டார்கள். கழி நங்கென்று பட்டால் அதுதான்.

கிளேர் பாலம் 1640இல் கட்டியது, ஆற்றின் கல்லூரிப் பாலங்களிலேயே பழையது. கைப்பிடிச் சுவரில் 14 கல் உருண்டைகள். ஒன்றில் ஒரு துண்டு இருக்காது. கூலி பாக்கி வைத்ததால் கொத்தனார் வெட்டிவிட்டார் என்பதும் படகுக் கதைதான்.

அதைத் தாண்டியதும் எல்லோரும் செயிண்ட் ஜான்ஸ் கல்லூரியின் ‘பெருமூச்சுப் பாலம்’ வரப்போகிறது என்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்கள். அந்த மும்முரத்தில் வலப்பக்கம் ட்ரினிட்டி கல்லூரியின் ரென் நூலகம் நழுவிப் போய்விடும். ராமானுஜன் தன் கடைசி ஆண்டில் மெட்ராஸ் மாகாணத்தில் நோயோடு எழுதிய தாள்களை, ‘தொலைந்த நோட்டுப் புத்தகம்’ என்கிறார்களே, அவற்றை 1976இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தது அந்தச் சன்னல்களுக்குப் பின்னால்தான்.