பழைய ஜீப்புக்கு தகர டாப்பா, படுதாவா? கம்பம், போடி, குமுளி பக்கம் ஓட்டறவங்களுக்கு

வண்டி ராத்திரி எங்க நிக்குதுன்னு மொதல்ல சொல்லுங்க, மேல என்ன போடலாம்னு அப்புறம் பேசுவோம். பழைய மஹிந்திரா ஜீப்புல சிஜே3பி, எம்எம்540, மேஜர்னு எதையாச்சும் புடிச்சுட்டு வந்ததும் எல்லாரும் ஓடும்போது நனையுமா நனையாதான்னு மட்டும் யோசிச்சு டாப்ப முடிவு பண்றாங்க. ஆனா நம்மள்ல முக்காவாசி பேர் வண்டி ஓடுற நேரத்த விட நிக்கிற நேரம்தான் ஜாஸ்தி. ஏலத்தோட்டத்து ஷெட்டுக்கு வெளிய பனியில நிக்குதா, கம்பத்துல வீட்டு வாசல்ல வெயில்ல நிக்குதா, போர்டிகோவுக்குள்ள நிக்குதா, பாதி முடிவு அதுலயே வந்துரும்.

நம்ம ஏரியா ஒரு மாதிரி ஏரியாங்க. கம்பம் சுமார் 400 மீட்டர் உசரம், குமுளி 900 கிட்ட, ஒரே மலைக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம், ஆனா ஜூன்ல குமுளியில அடமழை, இங்க கம்பத்துல வெறும் சாரலும் காத்தும்தான். கேரளாவுல வண்டன்மேடு, நெடுங்கண்டம், பூப்பாறை பக்கம் மாசக்கணக்கா ஈரம் காயவே காயாது. இங்க ஆனி ஆடிக் காத்துல தார்ப்பாய் பறக்கும், பங்குனி சித்திரையில தகரத்துல கைய வைக்க முடியாது. அதனால கொச்சிக்காரரோ சென்னைக்காரரோ சொல்றத அப்படியே நம்ம வண்டிக்கு எடுத்துக்க முடியாது. வெளிநாட்டுல எம்ஜி, ட்ரையம்ஃப்னு பழைய ரோட்ஸ்டர், அதாவது ஓப்பன் காரு, வச்சிருக்கவங்க குளிர்காலத்துக்கு ஹார்ட் டாப்ப, அதாவது கெட்டியான கூரைய, மாட்டி, வெயில் வந்ததும் கழட்டி கராஜ்ல தொங்க விட்டுருவாங்க. கேக்க நல்லாருக்கு, கழட்டி வைக்க இடமும் தூக்க ரெண்டு ஆளும் இருக்கவங்களுக்கு அது சரி.

ஒரு அடிப்படை விஷயம். இந்த ஜீப்பு பாடி வில்லிஸ் காலத்துலேர்ந்தே ஓப்பன் பாடியாத்தான் வந்துச்சு, மேல ஒரு கூரை இருந்து அது பலம் குடுக்கணும்னு யாரும் டிசைன் பண்ணல, பலம் எல்லாம் கீழ சேசிஸ்லதான். தோட்டத்து ரோட்டுல ஒரு வீல் கல்லுல ஏறி இன்னொன்னு பள்ளத்துல எறங்கும்போது சேசிஸ் முறுக்கும், கூடவே பாடியும் முறுக்கும், அது முறுக்கத்தான் செய்யணும். மேல கெட்டியா ஒரு தகரப்பெட்டிய வெல்டு அடிச்சு வச்சா அந்த முறுக்கு எங்கயாச்சும் போகணும்ல, வின்ட்ஷீல்டு ஃப்ரேமோட மூலையிலயும் பின் தூண் பாடியோட சேர்ற எடத்துலயும் கோடு விடும். பட்டி போட்டு பெயிண்ட் அடிச்சா மறையும், அடுத்த சீசன்ல திரும்ப வரும். பட்டறையில "வெல்டு அடிச்சுருவோம்ண்ணே, ஆடாது"ன்னு சொன்னா வேணாம்னு சொல்லுங்க. போல்ட்டுதான் போடணும், நடுவுல ரப்பர் பேக்கிங் வச்சு, ஆடட்டும்.

அடுத்து வெயிட்டு. ஒரு மில்லிமீட்டர் கனத்துல இரும்பு ஷீட்டு ஒரு சதுர மீட்டர் கிட்டத்தட்ட 8 கிலோ. நல்ல கேன்வாஸ் ஒரு சதுர மீட்டர் அரை கிலோலேர்ந்து முக்கால் கிலோக்குள்ளதான். கூரை, ரெண்டு சைடு, பின்கதவு, ஆங்கிள், கண்ணாடி எல்லாம் சேத்து பாருங்க, ரெண்டு ஆளு தலைக்கு மேல ஒக்காந்து வர்ற மாதிரி ஆயிரும். சிஜே3பி வீல்பேஸே 80 இன்ச்சுதான், எம்எம்540க்கு 91, குட்டை வண்டிக்கு மேல கனம் ஏறுனா போடிமெட்டு கொண்டை ஊசியில திருப்பும்போது ஸ்டீயரிங்கே சொல்லும். அதோட ஹார்ட் டாப் இருந்தா அதுமேல கேரியர் போடணும்னு ஆசை வரும், கேரியர் போட்டா அதுமேல ஏலக்கா மூட்டை, அதுக்கும் மேல ஒரு ஸ்டெப்னி. வேணாம் சாமி.

அப்ப தகர டாப்பே தப்பான்னா இல்ல. வண்டிக்குள்ள மருந்து, ஸ்பிரேயர், டூல்ஸ்னு வச்சுட்டு போறவங்களுக்கு, ராத்திரி தோட்டத்துலயே வண்டி நிக்கிறவங்களுக்கு பூட்டுற டாப்புதான் வேணும், படுதாவ ஒரு பிளேடு வச்சு கிழிச்சா முடிஞ்சுச்சு. சின்னப் புள்ளைங்கள கூட்டிட்டு குமுளி ஏறி எறங்குறவங்களுக்கும் அதான் வசதி. ஆனா தகரத்துல வர்ற மூணு தொல்லைய தெரிஞ்சுட்டு போடுங்க. ஒண்ணு சத்தம், டீசல் வண்டியில அந்த உறுமல் கூரையில பட்டு டம்முனு காதுல எறங்கும், 40க்கு மேல பக்கத்துல இருக்கவர் பேசுறது கேக்காது. ரெண்டு, மலைமேல ராத்திரி தகரம் சீக்கிரம் குளிரும், உள்ள ஈரத்துணி, மூச்சுக்காத்து இருந்தா கூரைக்கு அடியில முத்து முத்தா தண்ணி கட்டி விடியக்காலம் சீட்டுல சொட்டும், ஓட்டை எங்கன்னு தேடி சிலிகான் அப்பிட்டே இருப்பாங்க, ஓட்டையே இருக்காது. மூணாவது, இதுக்கெல்லாம் மருந்துன்னு உள்ள ஸ்பாஞ்சு ஒட்டி மேல ரெக்சின் அடிப்பாங்க, அந்த ஸ்பாஞ்சு தண்ணிய குடிச்சு வச்சுட்டு தகரத்த உள்ளேர்ந்து தின்னும், வெளிய பெயிண்டு பளபளன்னு இருக்கும். லைனிங் போடறதா இருந்தா தண்ணி குடிக்காத ஃபோமா கேட்டு வாங்குங்க, அதுக்கு முன்னாடி உள்பக்கம் ரெட் ஆக்ஸைடு பிரைமர் ரெண்டு கோட்டிங் அடிக்கச் சொல்லி கூட நின்னு பாருங்க.

ஃபைபர் டாப் இப்ப நெறய வருது, துருப் புடிக்காது, வெயிட்டும் கம்மி. போல்ட்டு ஓட்டையச் சுத்தித்தான் வெடிப்பு விடும், அதனால பெரிய வாஷரும் ரப்பரும் போட்டு அளவா முடுக்கணும். வெயில்ல வருசக்கணக்கா நின்னா மேல வெள்ளையா பூத்துப்போகும், பெயிண்ட் அடிச்சுட்டா தப்பிக்கலாம்.

இப்ப படுதாக்கு வருவோம், எனக்கு புடிச்சது இதான், ஒளிக்க என்ன இருக்கு. இதுல துணியிலதான் எல்லாமே. காட்டன் கேன்வாஸ் நனைஞ்சா நூலு உப்பி இடைவெளிய அடைச்சுக்கும், அதனால நல்ல மழையிலயும் தாங்கும், காத்தும் கொஞ்சம் போகும், உள்ள புழுங்காது. ஆனா நனைஞ்சிருக்கும்போது உள்ளேர்ந்து விரல வச்சு தொட்டா அந்த எடத்துல சொட்ட ஆரம்பிச்சுரும், பின்னாடி ஒக்கார்ற பசங்ககிட்ட சொல்லி வைங்க. ஈரத்தோட மடிச்சு வச்சா கருப்பா பூஞ்சை ஏறிரும், வண்டன்மேடு மாதிரி எடத்துல அதுக்கு நாலு நாள் போதும். ரெக்சின், பிவிசி பூசுன தார்ப்பாய் எல்லாம் தண்ணிய சுத்தமா விடாது, தொடைச்சா போதும், பூஞ்சையும் கம்மி, ஆனா உள்ள புழுக்கம், வெயில்ல காஞ்சு காஞ்சு மடிப்புல வெடிக்கும். என்னைக் கேட்டா வண்டி கேரளா பக்கம் வெளியில நிக்குதுன்னா பிவிசி, கம்பம் தேனி பக்கம் நிக்குதுன்னா கேன்வாஸ். கருப்பு கலர் மட்டும் நம்ம ஊரு வெயிலுக்கு வேணாம், காக்கியோ வெளிர் பச்சையோ போதும்.

தைக்கிறதுதான் உண்மையான வேலை. குஷன் கடையில சீட் கவர் தைக்கிறவர் எல்லாருக்கும் ஹூட், அதாவது இந்த படுதாக் கூரை, தைக்க வராது, பழைய ஜீப் ஹூட் தச்ச ஆளா தேடுங்க. கம்பத்துல நமக்குத் தெரிஞ்ச பாய் ஒருத்தர் மொதல்ல துணியவே எடுக்க மாட்டார், ஹூட் கம்பிய மாட்டி, வின்ட்ஷீல்ட நிமித்தி போல்ட்ட முடுக்கி, கதவு ரெண்டையும் சாத்தச் சொல்லிட்டு நூல வச்சு குறுக்கும் நெடுக்கும் புடிச்சுப் பாப்பார், கம்பி ஒரு பக்கம் எறங்கி இருந்தா "மொதல்ல இத நிமித்திட்டு வாங்க தம்பி, அப்புறம் தைக்கிறேன்"னு திருப்பி அனுப்பிருவார். அதான் சரி. கம்பி கோணலா இருந்தா எவ்ளோ நல்ல துணி போட்டாலும் நடுவுல தொப்பை விழும், தொப்பையில தண்ணி நிக்கும், நிக்கிற தண்ணி எறங்கத்தான் செய்யும்.

அவர்கிட்ட நீங்க கேக்க வேண்டியது இதான். கூரைக்கு நடுவுல தையல் வரக்கூடாது, அகலத் துணி கெடைக்கலன்னா தையல் கம்பிக்கு நேர் மேல வரணும், மேல் துணி கீழ் துணிமேல ஓடு வேயுற மாதிரி ஏறி, அந்த மடிப்போட வாய் பின்பக்கமா பாத்திருக்கணும். முன்பக்கமா பாத்தா ஓடுற காத்து தண்ணிய உள்ள தள்ளும். நூல் பாலியஸ்டர், தச்ச பிறகு தையல் மேல மெழுகு தேய்க்கணும். கம்பி உரசுற எடத்துல எல்லாம் உள்பக்கம் ஒரு பட்டை சேத்துத் தைக்கணும், மொதல்ல கிழியிறது அங்கதான். வின்ட்ஷீல்டு மேல சேனல்ல நுழையுற மடிப்புக்குள்ள கயிறு வச்சுத் தைக்கச் சொல்லுங்க, இல்லன்னா ஆடி மாசக் காத்துல லோயர் கேம்ப் தாண்டுறதுக்குள்ள உருவிட்டு வந்துரும். காட்டன் கேன்வாஸ்னா மொத மழையில சுருங்கும், அதனால முறுக்கிக் கட்டாம கொஞ்சம் லூசு விட்டு பெல்ட்டுல இழுக்கற மாதிரி வைங்க, நனைஞ்சப்ப பெல்ட்ட தளத்தி விடுங்க, காஞ்சதும் இழுத்துக்கலாம். பிரஸ் பட்டனுக்கு பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வாங்கிக் குடுங்க, சாதா இரும்பு பட்டன் துருப் புடிச்சு துணியையும் சேத்து தின்னுரும்.

பின்னாடி பிளாஸ்டிக் கண்ணாடி எந்த ஹூட்டா இருந்தாலும் மஞ்சளாகும், வெயில் அடிக்குதுல்ல. தூசியோட துணிய வச்சு தேய்க்காதீங்க, தண்ணி ஊத்தி தூசி போனப்புறம் கையால தடவுங்க. பெட்ரோல், தின்னர் வச்சு தொடைச்சா அன்னைக்கே மங்கிரும். மூணாறு குளிர்ல காலங்காத்தால அத சுருட்டாதீங்க, வெறைச்சுப் போயிருக்கும், கோடு கோடா வெடிக்கும்.

எந்த டாப்பு போட்டாலும் காசு குடுக்கறதுக்கு முன்னாடி தண்ணி விட்டுப் பாருங்க. சீட்டு, தரை எல்லாம் பழைய பேப்பர விரிச்சுட்டு, ஹோஸ வச்சு கீழேர்ந்து ஆரம்பிச்சு மெதுவா மேல போங்க. மொதல்லயே கூரையில ஊத்துனா எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபுடிக்க முடியாது. பேப்பர் நனைஞ்ச எடம் உங்களுக்கு சொல்லும். ஹார்ட் டாப்னா இன்னொண்ணு, கதவுல ஒரு பேப்பர் துண்ட வச்சு சாத்திட்டு இழுங்க, லேசா உருவிட்டு வந்துச்சுன்னா அந்த எடத்துல பீடிங் ரப்பர் சரியா ஒக்காரல. சுத்தி ஒரு பத்து எடத்துல இப்படி பாத்தா போதும்.

இன்னொரு விஷயம், இது உயிர் சமாச்சாரம். வண்டி கவுந்தா ஹூட் கம்பியும் காப்பாத்தாது, தகர டாப்பும் காப்பாத்தாது. தகரம் இருக்கேன்னு தைரியமா ஓட்டறவங்க நெறய பேரு. ரெண்டுமே மழைக்கும் வெயிலுக்கும்தான்.

கடைசியா ஆர்சி புக். அதுல பாடி டைப்னு ஒண்ணு இருக்கும், அத எடுத்துப் பாருங்க. படுதா வண்டிக்கு புது படுதா தச்சுப் போடறது ரிப்பேர் வேலை, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. படுதா வண்டிய தகரமா மாத்துறது மாடிஃபிகேஷன், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுல வரும், ஆர்டிஓகிட்ட கேக்காம செய்யக்கூடாது. 2019 ஜனவரியில கேரளா கேஸ் ஒண்ணுலதான் சுப்ரீம் கோர்ட்டு கம்பெனி ஸ்பெசிஃபிகேஷன மாத்தக்கூடாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு, அதே வருசம் சட்டத்த திருத்தி ஓனருக்கு ஒரு மாத்தத்துக்கு 5000 ரூபா ஃபைன், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும்னு வச்சாங்க. குமுளி செக்போஸ்ட் தாண்டுனா மாடிஃபிகேஷன் விஷயத்துல கேரளா ஆளுங்க நம்ம பக்கத்த விட கறார், "சேட்டா, இது பழைய வண்டி"ன்னு சொன்னாலும் புக்கத்தான் பாப்பாங்க. 15 வருசம் தாண்டின வண்டிக்கு அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவ ஆர்சி புதுப்பிக்கணும்ல, அப்ப பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னாடி வண்டி நிக்கணும், புக்குல ஒண்ணு, வண்டியில ஒண்ணுன்னா அங்கயும் மாட்டும். அதனால ஹார்ட் டாப்தான் வேணும்னு முடிவா இருக்கவங்க, வாங்கும்போதே புக்குல ஹார்ட் டாப்னு ஏறியிருக்க வண்டியா தேடுங்க, இல்ல 2020 கடைசிலேர்ந்து வர்ற புது மஹிந்திரா தார் பாருங்க, அதுல கம்பெனியே ஹார்ட் டாப் குடுக்குது.

படுதான்னு முடிவு பண்ணிட்டா சித்திரையிலயே துணிய வாங்கிக் குடுத்துருங்க. வைகாசி பொறந்துட்டா மலைக்குப் போற ஜீப்புக்காரங்க பூராம் பாய் கடை வாசல்ல நிப்பாங்க, உங்க வண்டி கைக்கு வர்றதுக்குள்ள அங்க மழை ஆரம்பிச்சுரும்.