பழைய கார் திக்கும்போது: காபரேற்றரைக் கழற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு மீண்டும் ஏ9 வீதியில் ஏறும்போதுதான் பழைய காரின் உண்மையான குணம் தெரியும். பின்னால் பஸ் வருகிறது. அக்சிலேற்றரை மிதிக்கிறீர்கள். ஒரு கணம் ஒன்றும் நடப்பதில்லை. காற்றையும் பெற்றோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் காபரேற்றரின் வாயிலிருந்து ஒரு செருமல்; அதன் பிறகுதான் கார் இழுக்கிறது. வன்னியில் மொறிஸ் மைனரோ ஒஸ்ரின் ஏ40யோ வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கணத்தின் பதற்றம் தெரியும். இந்தத் திக்கல் பெரும்பாலும் சின்னக் கோளாறுதான். அதைத் திருத்துவதாக நினைத்து நல்ல காபரேற்றரைப் பாழாக்குவதுதான் பெரிய இழப்பு.

அக்சிலேற்றரைத் திடீரென்று மிதித்தால் காற்று உடனே உள்ளே பாய்ந்துவிடும். பெற்றோல் காற்றைவிடக் கனமானது. அது பின்தங்கித்தான் வரும். அந்த இடைவெளியில் கலவையில் பெற்றோல் போதாமல் போகிறது. மைனரில் உள்ள எஸ்யு காபரேற்றர் இதை எண்ணெயால் சமாளிக்கிறது. ஏ40 சோமசெற்றில் உள்ள செனித் காபரேற்றர் போன்றவற்றில் அதற்கென்று ஒரு சிறு பம்ப் இருக்கிறது. உங்கள் காரில் இருப்பது எது என்று பார்க்காமலே வேலையைத் தொடங்குவது முதல் தவறு. எஸ்யுவில் பம்ப் கிடையாது. ஆகவே காலையில் ஸ்ரார்ட் செய்யுமுன் பெடலைப் பத்துத் தடவை மிதிப்பதால் அதில் ஒரு துளி பெற்றோலும் கூடுதலாக இறங்காது. செனித்தில் அதையே செய்தால் பிளக் நனைந்துவிடும்.

எப்போது திக்குகிறது என்று கவனிக்காமல் விடுவது அடுத்த தவறு. குளிர்ந்த என்ஜினில் மட்டுமா, சூடான பிறகுமா? மெதுவாக மிதிக்கும்போதா, சட்டென்று மிதிக்கும்போது மட்டுமா? முறிகண்டியில் பத்து நிமிடம் வெயிலில் நிறுத்திவிட்டுக் கிளம்பும்போது மட்டும் திக்கி, ஒரு கிலோமீற்றர் ஓடியதும் சரியாகிவிட்டால் உங்கள் காபரேற்றரில் பழுதே இல்லாமல் இருக்கலாம். நிறுத்திய என்ஜினின் வெக்கையில் பெற்றோல் கொதித்து ஆவியாகிறது, அவ்வளவுதான். காபரேற்றருக்கும், கலவையை என்ஜினுக்குள் கொண்டுசெல்லும் மனிஃபோல்டுக்கும் இடையிலுள்ள வெப்பத்தடுப்புத் துண்டும் தகட்டு மறைப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல கார்களில் அவற்றை யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருப்பார்கள்.

நான் அதிகம் கண்ட தவறு, ஸ்பார்க் பக்கத்துக் குறையைக் காபரேற்றரின் தலையில் கட்டுவது. பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனைதான் பொயின்ற். அது தேய்ந்து இடைவெளி குறைந்தாலும் கார் இப்படியேதான் திக்கும். மைனரின் லூகாஸ் டிஸ்ரிபியூட்டரில் பொயின்ற் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரை, பிளக் இடைவெளி 0.025 அங்குலம். பிறகு, டிஸ்ரிபியூட்டரின் பக்கவாட்டில் இருக்கும் வட்டப் பெட்டிக்குப் போகும் மெல்லிய குழாயைக் காபரேற்றர் பக்க முனையில் கழற்றி வாயால் உறிஞ்சிப் பாருங்கள். உள்ளே பொயின்ற் தட்டு அசைய வேண்டும். குழாய் முனையை நாக்கால் அடைத்தால் உறிஞ்சல் விடாமல் பிடித்து நிற்க வேண்டும். காற்று தாராளமாக வந்துகொண்டே இருந்தால் உள்ளேயுள்ள சவ்வு கிழிந்துவிட்டது. இந்தச் சோதனைக்குப் பணம் செலவில்லை. இதைச் செய்யாமல் காபரேற்றரைக் கழற்ற யாரையும் விடாதீர்கள்.

எஸ்யுவின் எண்ணெய் விடயத்துக்கு வருகிறேன். காபரேற்றரின் உச்சியில் ஒரு மூடி இருக்கும். அதைத் திருகி இழுத்தால் மெல்லிய கம்பியின் நுனியில் ஒரு பித்தளைத் துண்டு வரும். உள்ளே எண்ணெய் இருக்கிறதா? மூடியை மெல்ல இறக்கும்போது, அது உட்காருவதற்குக் கால் அங்குலம் இருக்கையில் விரலுக்கு ஒரு தடை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எண்ணெய் வற்றிவிட்டது. காபரேற்றருக்குள் காற்றின் இழுப்பில் ஏறி இறங்கும் பிஸ்டன் தடையில்லாமல் துள்ளி எழுகிறது, பெற்றோல் போதவில்லை, கார் திக்குகிறது. இதற்கு ஏற்றது 20ஆம் இலக்க எண்ணெய். தையல் இயந்திர எண்ணெய் மிக மெல்லியது. கியர் எண்ணெய் தடித்தது. பிஸ்டன் எழவே தயங்கும். கிளிநொச்சியில் ஒரு கராஜில், முழுதாகக் கழற்றிக் கொட்டப்பட்டிருந்த மைனர் காபரேற்றர் ஒன்றைப் பார்த்தேன். “ஐயா, எல்லாம் கழுவிவிட்டேன், இன்னும் திக்குகிறது” என்றான் அந்த இளைஞன். “தம்பி, எண்ணெய் விட்டாயா?” என்று கேட்டேன். விடவில்லை. அரைத் தேக்கரண்டி போதுமாக இருந்தது.

அதே மேசையில் இன்னொன்றையும் கண்டேன். அதுதான் என் மனதை வருத்தியது. பிஸ்டனின் பக்கங்களை அரத்தாளால் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தான். அந்தப் பிஸ்டனும் அதன் மேல்மூடியும் ஒன்றுக்கொன்று அளந்து செய்த சோடி. பெற்றோலால் கழுவி, மென்மையான துணியால் துடைக்கலாம். தேய்க்கக் கூடாது, வேறு காரின் மூடியைப் போடவும் கூடாது. பிஸ்டனை விரலால் உயர்த்தி விட்டால், கீழே விழுந்து ‘டக்’ என்று தெளிவாகத் தட்ட வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் அதை அப்படியே விடுங்கள்.

செனித் என்றால் என்ஜினை நிறுத்தி, காற்று வடிகட்டியைக் கழற்றி, காபரேற்றரின் வாய்க்குள் பார்த்தபடி அக்சிலேற்றரை அசையுங்கள். மெல்லிய தாரையாகப் பெற்றோல் பாய வேண்டும். பாயாவிட்டால் பம்ப் தேய்ந்திருக்கும் அல்லது துவாரம் அடைத்திருக்கும். அடைப்பை எடுக்கக் கம்பியோ ஊசியோ வேண்டாம். பெற்றோலை அளந்து விடும் சிறு துவாரத் துண்டுகளான ஜெற்றுகள் பித்தளையால் ஆனவை. ஒரு கீறல் விழுந்தாலும் அளவு மாறிவிடும். காற்றை ஊதி எடுங்கள். பார்த்து முடிந்ததும் வடிகட்டியை மறக்காமல் திரும்பப் பூட்டுங்கள். நமது கிறவல் வீதிகளின் புழுதி வடிகட்டி இல்லாத என்ஜினைச் சீக்கிரமே தின்றுவிடும்.

வன்னிக் கார்களுக்கு என்று தனியாக ஒரு வரலாறும் இருக்கிறது. 1990இல் பொருளாதாரத் தடை வந்த பின் இவை மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ரார்ட் செய்வதற்கு மட்டும் சில துளி பெற்றோல் விடுவார்கள். மண்ணெண்ணெயில் என்ஜின் தட்டும் என்பதால் ஸ்பார்க் நேரத்தைப் பின்தள்ளி வைப்பதுண்டு. அக்காலத்தைக் கடந்து வந்த கார் உங்களிடம் இருந்தால், ஸ்பார்க் நேரம் இன்னும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். தாங்கியின் அடியிலும் பழைய பிசினும் துருவும் படிந்திருக்கலாம். தாங்கியைக் கழுவாமல் காபரேற்றரை மட்டும் கழுவினால் ஒரு கிழமையில் மீண்டும் அடைக்கும். 2022 தட்டுப்பாட்டின்போது கான்களில் சேமித்த பெற்றோல் இன்னும் கொட்டிலில் இருந்தால் அதைக் காருக்கு ஊற்ற வேண்டாம். விரைவில் ஆவியாகும் பகுதி அதிலிருந்து எப்போதோ போயிருக்கும்.

மைனரில் சாவியைத் திருப்பியதும், தாங்கியிலிருந்து பெற்றோலை இழுக்கும் மின்பம்ப் ‘டிக் டிக்’ என்று அடித்து நிற்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெற்றோல் தீர்ந்திருக்கும், அல்லது குழாயில் எங்கோ காற்றுப் புகுகிறது.

காபரேற்றருக்கும் என்ஜினுக்கும் இடையே காற்றுக் கசிகிறதா என்று பார்க்கப் பெற்றோல் தெளிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், தீப்பிடிக்கும். தண்ணீர் தெளித்தாலே என்ஜின் சத்தம் மாறிக் காட்டிக்கொடுக்கும். கலவையில் பெற்றோலைக் கூட்டும் சோக்கை இலேசாக இழுத்ததும் திக்கல் மறைந்தால் பெற்றோல் குறைவு. இன்னும் மோசமானால் பெற்றோல் அதிகம். இது சோதனைக்கு மட்டும். சோக்கை இழுத்து வைத்தபடியே பரந்தனிலிருந்து மாங்குளம் வரை ஓட்டினால் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைப் பெற்றோல் கழுவிவிடும்.

இத்தனையும் பார்த்த பிறகே எஸ்யுவின் அடியிலுள்ள, கலவையைக் கூட்டிக் குறைக்கும் அறுகோண நட்டைத் தொடுங்கள். இருந்த நிலையை முதலில் எழுதி வையுங்கள். என்ஜின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் சற்றுக் கூடி உடனே தணிந்தால் கலவை சரி. கூடியபடியே நின்றால் பெற்றோல் அதிகம். நட்டை மேலே ஏற்றுங்கள். என்ஜின் அணைந்துபோனால் குறைவு, கீழே இறக்குங்கள். ஒரு தடவைக்கு ஒரு முகம் மட்டும் திருப்பி, வீதியில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து அடுத்ததைத் திருப்புங்கள்.