மார்கழிப் பனியில் மோட்டார் சைக்கிள்: காலுக்கு ஒரு றெக்சீன் தட்டி

மாங்குளத்திலிருந்து விடிய ஐந்து மணிக்கு வவுனியாவுக்குப் புறப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கனகராயன்குளம் வரை சமாளிக்கலாம். புளியங்குளம் தாண்டும்போது முழங்காலுக்குள் ஊசி ஏறத் தொடங்கும். ஓமந்தையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினால் காலை ஊன்றவே யோசனையாக இருக்கும்.

"வன்னியில் என்னடா குளிர்?" என்று மலைநாட்டு நுவரெலியாவில் வேலை செய்யும் மச்சான் சிரிப்பான். சரி, எங்கள் மார்கழி விடியல் 20 பாகையைச் சுற்றித்தான் நிற்கும். ஆனால் 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது காலைச் சுற்றியுள்ள சூட்டைக் காற்று உருவிக்கொண்டு போய்விடும். லோங்ஸ் பனியில் நனைந்திருந்தால் அந்த ஈரம் காயும்போதும் சூடு போகும். மழையும் காற்றும் சேர்ந்தால் இங்கேயும் குளிர் கொல்லும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்ததை மறந்திருக்கமாட்டீர்கள்.

நான் முதலில் டெனிமுக்குள் இன்னொரு லோங்ஸ் போட்டுப் பார்த்தேன். காற்று இரண்டுக்குள்ளாலும் வந்தது. பிறகு பொலித்தீன் பையைச் சுற்றினேன்; வியர்த்து, அந்த வியர்வையே குளிர்ந்தது. தடித்த துணியால் பயனில்லை. வாசலுக்கு ஓலைத்தட்டி கட்டுகிற மாதிரி, முன்னால் காற்றை மறித்துப் பின்னால் திறந்திருக்க வேண்டும். பழைய ஹொண்டா சூப்பர் கப் சைக்கிளில் இந்தக் கால்மறைப்பு கூடவே வரும். நம்முடைய பஜாஜ் சிடி 100 போன்றவற்றில் இல்லை.

தேவையானவை: றெக்சீன் ஒரு யார் (மூன்று அடி), சீற்றுக்குப் போடும் மெல்லிய ஸ்பொஞ்ச், உள்ளுக்குப் பழைய சாரம், இரண்டு அங்குல அகல வெல்குரோ. பொத்தான் வேண்டாம், விறைத்த விரலால் பூட்ட முடியாது.

இனி அளவு. நான் சறுக்கிய இடம் இதுதான். வீட்டில் நேராக நின்று, முழங்காலுக்கு மேல் ஒரு சாணிலிருந்து கணுக்கால் வரை அளந்தேன். கண்ணாடியில் பார்க்கப் பொலிஸ்காரன் மாதிரி இருந்தது. மோட்டார் சைக்கிளில் ஏறிக் காலை மடித்ததும் தட்டி மேலே இழுபட்டுக் கீழ்க்கால் வெளியே வந்துவிட்டது. முழங்கால் மடிப்பில் போட்ட வார் வேறு இறுக்கியது. கனகராயன்குளம் வரமுன் பாதம் மரத்துப்போக, குளிர்தான் என்று நினைத்து இன்னும் இறுக்கிக் கட்டினேன்! வாரைக் கழற்றியபிறகுதான் பாதத்துக்கு உயிர் வந்தது.

ஆகவே சைக்கிளை நடு ஸ்ராண்டில் நிறுத்துங்கள். ஏறி இருந்து, இரண்டு பாதத்தையும் மிதியில் வையுங்கள். வேறொருவர் காலின் முன்பக்கமாக அளக்கட்டும். எனக்கு மனைவி அளந்தாள். நின்று எடுத்ததைவிட மூன்று அங்குலம் கூட வந்தது. முழங்கால் வரும் இடத்தில் இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் மடித்துத் தைத்தால் தட்டி குழிந்து முழங்கால் சிரட்டையில் ஒழுங்காக உட்காரும். வார் இரண்டு போதும்: ஒன்று தொடையில், மற்றது கெண்டைக்காலுக்குக் கீழே. முழங்கால் மடிப்பில் ஒன்றும் வேண்டாம். கட்டியபின் வாருக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

வெட்டும்போது வலதுகால் துண்டின் உட்பக்கத்தை ஓர் அங்குலம் குறைத்து வெட்டுங்கள். சைலன்சர் குழாய் அந்தப் பக்கம்தான். றெக்சீன் பட்டால் உருகி ஒட்டும். வெல்குரோ நுனி வெளிப்பக்கம் பார்த்து இருக்கட்டும், உள்ளே தொங்கவிடாதீர்கள்.

தைப்பதற்குச் சீற் தைக்கும் கடைக்குப் போங்கள். வீட்டு மெசினில் வெளிக்கிட்டு நான் இரண்டு ஊசி முறித்தேன். தையல்காரர் ஸ்பொஞ்சை முழுக்கப் போடட்டுமா என்று கேட்பார். முழங்காலுக்கு மட்டும் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் மடியாது.

பிற்சேர்க்கை: ஸ்கூட்டியில் சேலையோடு பள்ளிக்கூடம் போகும் ரீச்சர் ஒருவர் தனக்கு என்ன வழி என்று கேட்டிருந்தார். அக்கா, ஸ்கூட்டியின் முன்பலகை கீழ்க்காலை மறைத்துவிடும். முழங்கால் துண்டை மட்டும் வெட்டி, லெக்கின்ஸுக்கு மேலே, சேலைக்கு உள்ளே கட்டுங்கள். வாரில் சேலை சிக்காது.

இன்னொரு தம்பி மழையில் சப்பாத்துக்குள் தண்ணீர் நிரம்புகிறது என்று எழுதியிருந்தார். தட்டியில் விழும் மழை வழிந்து நேராகச் சப்பாத்துக்குத்தான் போகும், அதை நான் யோசிக்கவில்லை. மழை நாளில் தட்டிக்கு மேலே ரெயின்கோட் லோங்ஸைப் போட்டு, அதன் நுனியைச் சப்பாத்துக்கு வெளியே விடுங்கள். வலதுபக்க நுனியை மட்டும் ஒரு ரப்பர் வளையத்தால் ஒதுக்கிக் கட்டுங்கள். என்னுடையதில் சைலன்சர் சுட்ட ஓட்டை இன்னும் இருக்கிறது.