கடற்கரை இசை இரவுக்கு எந்தப் பின்னல்?

போனில் ஒரு படத்தைக் காட்டி "இதைப் போலப் பின்னிவிடுங்கோ" என்று சொல்வதற்கு முன்னால் மூன்று விஷயங்களை முடிவு செய்ய வேண்டும். பின்னல் எத்தனை மணித்தியாலம் தலையில் இருக்கப் போகிறது, எதில் போகிறீர்கள், உங்கள் தலைமயிர் எப்படிப்பட்டது. படத்தில் இருக்கிற பெண் பெரும்பாலும் காற்றே இல்லாத அறையில் நிற்கிறாள். நீங்கள் நிற்கப்போவது இலங்கையின் கிழக்குக் கரையில், கல்லடிக் கடற்கரையிலோ, பாசிக்குடாவிலோ, அறுகம்பையிலோ.

மே முதல் ஆகஸ்ட் வரை பகலில் கச்சான் காற்று அடிக்கும். நிலத்தைக் கடந்து வருகிற வறண்ட காற்று, மயிரைக் காயவைத்துப் பறக்கவிடும். பின்னேரம் கடற்காற்று திரும்பினால் ஈரமும் உப்பும் சேர்ந்து வரும். காய்ந்த மயிர் அந்த ஈரத்தை உறிஞ்சிப் பொங்கும். மதியம் வழுவழுவென்று இருந்த பின்னல் முதல் பாட்டுக்கு முன்னரே சிலுப்பிக்கொண்டு நிற்பது இதனால்தான். ஆகவே வெளியரங்கு நிகழ்ச்சிக்கு, உச்சியிலிருந்தே தலையோடு ஒட்டி வரும் பின்னல்தான் நிலைக்கும். முகத்தின் இரு பக்கமும் இழை தொங்கவிட்டு, இளக்கமாகப் பின்னும் பாணியை மண்டபத்துக்குள் நடக்கிற கச்சேரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூட்டியில் போகிறவர்களுக்கு

ஹெல்மெட் போடுவதாக இருந்தால் உச்சிக்கொண்டை, தலை மேல் புடைத்து நிற்கும் பின்னல் இரண்டையும் மறந்துவிடுங்கள். ஹெல்மெட் அழுத்தும் இடத்தில் புடைப்பு இருந்தால் வீடு தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே தலை நோகத் தொடங்கும். அதைவிட மோசம், ஹெல்மெட் சரியாக இறங்காது. காதுக்குக் கீழே தொடங்கும் இரட்டைப் பின்னலோடு போங்கள். இடத்துக்குப் போனதும் இரண்டையும் எதிர்ப்பக்கமாகத் தலைக்கு மேலே கொண்டுபோய், ஒரு பின்னலின் நுனியை மற்றதன் அடியில் செருகி, பக்கத்துக்கு மூன்று கொண்டை ஊசி குத்தினால் கிரீடப் பின்னல். ஐந்து நிமிட வேலை. பின்னல் ஒவ்வொன்றும் ஒரு காதிலிருந்து மறு காதுக்கு எட்ட வேண்டும்; எட்டாவிட்டால் பிடரியில் குறுக்காக மடித்துக் குத்துங்கள்.

ஸ்கார்ஃப் அணிகிறவர்களுக்குப் பிடரியில் தாழ்வான ஒற்றைப் பின்னல், அதைத் தட்டையாகச் சுருட்டிக் குத்தினால் போதும். உயரத்தில் கொண்டை இருந்தால் துணி பின்னுக்கு வழுக்கிக்கொண்டே இருக்கும்.

எல்லோருக்கும் ஒத்துவரும் ஒன்று: டச்சு இரட்டைப் பின்னல்

நடந்து போகிறவர், பஸ்ஸில் போகிறவர், இரவு முழுக்க ஆடப்போகிறவர், யாருக்கும் இதுதான் எங்கள் தெரிவு. தோளைத் தாண்டிய மயிர் இருந்தால் எளிது. வால் சீப்பு ஒன்று, பெரிய கிளிப் ஒன்று, சின்ன இலாஸ்டிக் நான்கு (இரண்டு அறுந்தாலும் இரண்டு இருக்கும்), தண்ணீர் தெளிக்கும் போத்தல், பட்டாணி அளவு ஜெல் வேண்டும். துணி சுற்றிய இலாஸ்டிக்தான் நல்லது. வெறும் றப்பர் மயிரைக் கடித்து அறுக்கும்.

தலை முழுகுவது முதல் நாள். அன்றே முழுகினால் மயிர் வழுக்கும், கையில் பிடிபடாது. ஈரத்தோடு பின்னவே கூடாது. ஈர மயிர் இழுபடும், எளிதில் அறும். பின்னலுக்குள் அடைபட்ட ஈரம் இந்த வெக்கையில் காயாமல் மணக்கவும் தொடங்கும். எண்ணெய் விஷயத்தில் அம்மாமார் சண்டைக்கு வரலாம். ஆனாலும் கடற்கரைக்குப் போகும் நாளில் நுனிகளுக்கு மட்டும் நாலைந்து சொட்டு தேங்காய் எண்ணெய் போதும். தலை முழுக்கத் தேய்த்தால் மணல் ஒட்டும், வியர்வையோடு நெற்றியில் வழியும்.

நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். நடுநெற்றியிலிருந்து பிடரி வரை சீப்பின் வாலால் ஒரே இழுப்பில் நேர் உச்சி பிரித்து, ஒரு பக்கத்தைக் கிளிப்பால் ஒதுக்குங்கள். மற்றப் பக்கத்தில் நெற்றியோரத்து மெல்லிய மயிரை அரைச் சென்றிமீற்றர் விட்டுவிட்டு, இரண்டு விரல் அகலத்துக்கு எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். இனிப் பக்கப் பிரி நடுப்பிரியின் அடியால் போக வேண்டும். மேலால் போனால் அது பிரெஞ்சுப் பின்னல், தட்டையாகப் படுத்துவிடும். அடியால் போனால்தான் பின்னல் கயிறு மாதிரி மேலெழும். இரண்டு முறை மாற்றிய பிறகு, ஒவ்வொரு முறையும் உள்ளே போகிற பிரியோடு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விரல் அகல மயிரைச் சேர்த்துக்கொண்டே போங்கள். கை தலையோடு ஒட்டியே இருக்கட்டும். கை விலகினால் அந்த இடத்தில் பின்னல் தொங்கும்.

காதைத் தாண்டுகிற இடத்தில்தான் பலருக்குப் பிழைக்கும். பின்னுகிறவருக்கு வசதி என்று தலையைக் குனிந்துகொள்வீர்கள். குனிந்த தலையில் இறுக்கமாகத் தெரிகிற பின்னல், நிமிர்ந்ததும் பிடரியில் தளர்ந்து பை போலத் தொங்கும். தலையை நிமிர்த்தியே வைத்திருங்கள், பின்னுகிறவர் குனியட்டும். பிடரி தாண்டியதும் சேர்ப்பதற்கு மயிர் இராது. நுனிக்கு மூன்று நான்கு சென்றிமீற்றர் வரை சாதாரணமாகப் பின்னி இலாஸ்டிக் போடுங்கள். மறுபக்கமும் அப்படியே. இரண்டும் ஒரே தடிப்பில் வர, முதல் பக்கத்தில் எடுத்த அகலத்தையே இங்கும் எடுக்க வேண்டும். கடைசியில் ஜெல்லை உள்ளங்கையில் தேய்த்து, சிலுப்பி நிற்கும் குட்டை மயிர்களை மட்டும் தடவிப் படுக்கவையுங்கள்.

பின்னும்போது நோகக் கூடாது. "நோகுது கா, கொஞ்சம் இளக்கிப் பின்னு" என்று மச்சாளிடம் அப்போதே சொல்லுங்கள். புருவம் மேலே இழுபடுவது, நெற்றியோரத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் எழும்புவது இரண்டும் மயிர்வேர் இழுபடுகிறது என்பதன் அடையாளம். வலிக்குப் பனடோல் போட்டுக்கொண்டு போகாமல் பின்னலை அவிழ்க்க வேண்டும். திரும்பத் திரும்ப இறுக்கிப் பின்னினால் நெற்றியோரம் நிரந்தரமாக வழுக்கையாகலாம்.

மற்றவை

மீன்முள் பின்னல் அழகுதான். ஆனால் இரண்டு பிரியிலிருந்தும் மாறி மாறி நூல் நூலாக எடுக்க வேண்டும், நேரம் தின்னும். லேயர் வெட்டிய மயிரில் நடுவிலேயே நுனிகள் வெளியே துருத்தும். கதிரையில் உட்கார்ந்து கேட்கிற நிகழ்ச்சிக்குப் போடலாம்.

மயிர் மெல்லியதாகவோ தோள் மட்டத்திலோ இருந்தால் குமிழ்ப் பின்னல். குதிரைவால் கட்டி, ஐந்து சென்றிமீற்றருக்கு ஒரு இலாஸ்டிக் போட்டு, இடைப்பட்ட மயிரை விரலால் மெல்ல இழுத்து உப்பவைத்தால் முடிந்தது. பின்னவே தெரியாதவரும் போடலாம், சின்னப் பிள்ளைகளுக்கும் நிற்கும்.

சீசனில் அறுகம்பைப் பக்கம் கண்ணில் படுகிற கோன்ரோ (தலையோடு ஒட்டி வரிசை வரிசையாக வரும் மெல்லிய பின்னல்), பாக்ஸ் (சதுரம் சதுரமாகப் பிரித்துத் தனித்தனியாகத் தொங்கவிடும் பின்னல்) ஆகிய பின்னல்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவற்றின் தாயகம் ஆபிரிக்கா. அங்குள்ள இறுக்கமான சுருள்மயிர் தானாகவே பின்னலைப் பிடித்துக்கொள்ளும். நம் நேர்மயிர் வழுக்கி, சில நாட்களில் வேரில் தளரும். தளராமல் இருக்க இறுக்கினால் வேர் இழுபடும். பாக்ஸ் பின்னலுக்கு ஒரு பகல் முழுக்க உட்கார வேண்டி வரலாம், அதில் சேர்க்கிற செயற்கை மயிரின் பாரமும் உண்டு. ஒரு இரவுக்காக இது தேவையா என்று யோசியுங்கள். போடுவதாக முடிவு செய்தால், செயற்கை மயிரை முதலில் வினாகிரி ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கில் அரை மணித்தியாலம் ஊறவைத்து அலசிக் காயவையுங்கள். அதில் பூசியிருக்கும் பொருள்தான் பலருக்குத் தலைக்கடி தருவது. வரிசைகளுக்கு இடையே தெரிகிற தோல் வெயிலில் எரியும், சன்ஸ்கிரீன் தடவுங்கள். கச்சான் கடலை வறுக்கிற அடுப்பு, கற்பூரச் சட்டி பக்கம் போகாதீர்கள். செயற்கை மயிர் உருகித் தோலில் ஒட்டும்.

நிற நூல் சேர்க்க விருப்பமானால் மயிரின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு வெட்டி, தொடக்கத்திலேயே ஒரு பிரியோடு முடிந்து பின்னுங்கள். கம்பளி நூல் வியர்வையைக் குடித்துக் கனக்கும், சாட்டின் றிபன் நல்லது. முதலில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் போனால் உங்கள் சட்டையும் போகும். கோயில் திருவிழா இரவு இன்னிசைக்கு மல்லிகைச் சரம் ஒரு முழம், இரட்டைப் பின்னலின் தொடக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வளைத்துக் குத்தினால் எடுப்பாக இருக்கும். பகல் நிகழ்ச்சிக்கு வேண்டாம், வெயிலில் வாடிவிடும்.

அவிழ்க்கும்போது

வீட்டுக்கு வந்ததும் பின்னலோடு தலை முழுகாதீர்கள், மணலும் சிக்கும் உள்ளேயே இறுகும். இலாஸ்டிக்கைச் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டி, நுனியிலிருந்து விரலால் அவிழ்த்து, குனிந்து மணலை உதறிவிட்டு, பெரிய பல் சீப்பால் வாரிய பிறகு முழுகுங்கள். மறுநாள் இரவும் நிகழ்ச்சி இருந்தால் சாட்டின் துணியால் தலையைக் கட்டிக்கொண்டு படுத்து, காலையில் முன்பக்கத்தை மட்டும் தண்ணீர் தெளித்துச் சரிசெய்யலாம்.

இரண்டு மூன்று நாள் கழித்து அவிழ்க்கிறவர்கள் சீப்பில் வருகிற மயிரைப் பார்த்துப் பதற வேண்டாம். நாளுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு, பின்னலுக்குள் சிக்கியிருந்ததெல்லாம் ஒன்றாக வருகிறது. அடுத்த ஒரு கிழமைக்கு இறுக்கிப் பின்னாமல், பிடரியில் இளக்கமாகக் கட்டிக்கொள்ளுங்கள்.