இங்கிலிஷ் ஸ்பாட் முயல்: புள்ளியைப் பார்த்துச் செய்யும் தவறுகள்

வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளி தெரிந்தாலே "இங்கிலிஷ் ஸ்பாட்" என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். புள்ளி போட்ட முயல் இனங்கள் பல உண்டு. 5 கிலோவுக்குக் குறையாத பெரிய உடம்பு என்றால் அது செக்கர்டு ஜயன்ட்டாக இருக்கலாம். கறுப்பும் ஆரஞ்சும் சேர்ந்த புள்ளி என்றால் ஜெர்மனியின் ரைன்லாண்டரா என்று பாருங்கள். இங்கிலிஷ் ஸ்பாட் ஒல்லியானது. வளர்ந்த முயலே சுமார் இரண்டேகால் முதல் மூன்றரை கிலோதான் இருக்கும்.

சந்தேகமாக இருந்தால் விலாவைப் பாருங்கள். பிடரியில் பொடிப்பொடியாகத் தொடங்கும் புள்ளிகள், பின்பக்கம் போகப்போகப் பெரிதாகி வளைந்து இறங்கும். இதைச் சங்கிலி என்பார்கள். செக்கர்டு ஜயன்ட்டுக்குச் சங்கிலி கிடையாது. மற்ற அடையாளங்கள்: மூக்கின் மேல் சிறகு விரித்த பட்டாம்பூச்சி, கண்ணைச் சுற்றி வளையம், கன்னத்தில் ஒரு பொட்டு, முழுக்க நிறமேறிய காது, காதடியிலிருந்து வால் வரை முதுகில் ஓடும் கோடு. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்த அலங்காரத்துக்காகவே பொறுக்கிப் பொறுக்கி வளர்த்த இனம் இது. 1910 வாக்கில் அமெரிக்காவுக்கும் போனது.

அடுத்தது, இனச்சேர்க்கையில் நடக்கும் தவறு. அழகான புள்ளி முயல் இரண்டைச் சேர்த்தால் குட்டியெல்லாம் புள்ளியோடு பிறக்கும் என்று நினைக்கிறார்கள். பிறக்காது. புள்ளிக்கான மரபணு தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால்தான் அந்த அழகான கோலம் விழும். இருவரிடமிருந்தும் வந்தால் குட்டி ஏறக்குறைய வெள்ளையாகிவிடும். யாரிடமிருந்தும் வராவிட்டால் புள்ளியே இல்லாத முழுநிறக் குட்டி. ஆக, புள்ளி முயல் ஜோடிக்கு நாலு குட்டி என்றால், சராசரியாக இரண்டுதான் புள்ளிக்குட்டி; ஒன்று முழுநிறம், ஒன்று வெள்ளை. இதைப் பார்த்துவிட்டு "கலப்படக் குட்டியை விற்றுவிட்டார்கள்" என்று சண்டைக்குப் போக வேண்டாம். சுத்தமான வம்சத்திலும் இப்படித்தான் பிறக்கும்.

அந்த வெள்ளைக் குட்டிக்குச் சார்லி என்று பெயர். மூக்கில் பட்டாம்பூச்சி சுருங்கி, சாப்ளின் மீசை அளவுக்கு நின்றுவிடும். சார்லியை முழுநிற முயலோடு சேர்த்தால் எல்லாக் குட்டியும் புள்ளியோடு பிறக்கும். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்குக்காகச் சார்லிகளை உருவாக்குவது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. காரணம் அதன் வயிற்றில் இருக்கிறது. உடம்பில் நிறம் தரும் செல்களுக்கும், குடலை அசைக்கும் செல்களுக்கும் கிட் என்ற ஒரே மரபணு வேண்டும். சார்லியிடம் அது சரியாக வேலை செய்யாததால் பெருங்குடல் வீங்கிப்போய் அசைவு குறையக்கூடும். இதே புள்ளி மரபணு கொண்ட செக்கர்டு ஜயன்ட் முயல்களை வைத்து 2014-இல் வந்த ஓர் ஆய்வு இந்தத் தொடர்பைக் காட்டியது.

வளர்ப்பிலும் ஒரு தவறு உண்டு. இங்கிலிஷ் ஸ்பாட்டுக்கு ஓடப் பிறந்த உடம்பு. நீண்ட கால், வில் போல வளைந்த முதுகு, தரையில் படாத வயிறு. அமெரிக்கக் கண்காட்சிகளில் நடுவர்கள் இதை மேசையில் ஓடவிட்டுத்தான் பார்ப்பார்கள். திரும்ப மட்டும் இடமுள்ள கூண்டில் அடைத்துவிடாதீர்கள். தினமும் வெளியே ஓடவிடுங்கள். அப்புறம், காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பின்பக்கத்தைத் தாங்கிப் பிடியுங்கள். தொங்கவிட்டால் உதைக்கிற உதையில் அதன் முதுகெலும்பே முறியக்கூடும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு சார்லி இருந்தால், காலையில் கூண்டைக் கூட்டும்போது புழுக்கையைக் கவனியுங்கள். நலமாக இருக்கும் முயலின் புழுக்கை பட்டாணி மாதிரி உருண்டையாக, ஒரே அளவில் கிடக்கும். பெரிதாக, கோணல்மாணலாக, பிசுபிசுவென்று இருந்தாலோ, புழுக்கையே காணோம், முயல் தீனியைத் தொடவில்லை என்றாலோ, சாயங்காலம் வரை பொறுக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.